கடைமடைக்கு முதல் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மையப்பன் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் மனைவி உலகம்மாள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பாள்.

"வல்லான் சௌக்கியமா இருக்கானா?"

அடுத்த தெருவில் குடியிருக்கும் கொழுந்தனை விசாரிக்கிற மாதிரிதான் கேட்பாள். அம்மையப்பனும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, "இருக்கான். இன்னைக்கு ஒரு ராட்சசனச் சாய்ச்சுப்புட்டான்" என்பார். அவள் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விடுவாள். வல்லான் என்று உலகத்தில் ஒருவன் இல்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்த இல்லாதவன் புண்ணியத்தில் தன் புருஷன் வாரத்தில் ஒரு நாளாவது நிமிர்ந்து நடந்து வீட்டுக்கு வருகிறார் என்பதும் தெரியும். அதனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை.

அம்மையப்பன் பாளையங்கோட்டையில் கருவூல அலுவலகக் குமாஸ்தா. ஆபீஸுக்குக் கிளம்புவதற்கு முன்னால் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆபீஸ் விட்டு வந்ததும் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் டியூஷன். இதில் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரே தொழிலோடு நின்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாத்தியார் வீட்டு வாசலில் ஹோமியோபதி போர்டு தொங்கும். வக்கீல் குமாஸ்தா முகூர்த்த நாள் வந்தால் சமையல் காண்டிராக்டர் ஆகிவிடுவார். ஆனால் மூன்று தொழில் பார்த்தும் அம்மையப்பனை யாரும் ஓர் ஆளாக மதித்ததில்லை. ஆபீஸில் அவர் வாயைத் திறந்தால் அந்த நேரம் பார்த்து இன்னொருவர் பேச ஆரம்பிப்பார். இவர் திறந்த வாயை அப்படியே மூடிக்கொள்வார். டீ சொல்லும்போது எல்லாருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியில், "ஆங், அம்மையப்பனுக்கும் ஒண்ணு" என்பார்கள். பல நாள் அதுவும் விட்டுப்போகும். அவருக்கு இதில் வருத்தம்கூட இல்லை. அந்த அளவுக்குப் பழகிப்போயிருந்ததுதான் கொடுமை.

தொண்ணூற்றொன்றில் ஒரு பாலிசியில் கையெழுத்து வாங்குவதற்காக அவர் சண்முகசுந்தரி டீச்சர் வீட்டு மாடிக்குப் போனார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர் சுந்தரி டீச்சர். மேஜையில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு புத்தகங்களும், விதவிதமான பக்கங்கள் கொண்ட பகடைகளும். ஒன்றுக்கு இருபது பக்கம் இருந்தது. இவர் அதை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், தாயக்கட்டைக்கு இத்தனை முகமா?"

அமெரிக்காவில் இருக்கும் தம்பி அனுப்பியதாம். காயும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு கதைக்குள் போய்விட வேண்டும். தன் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர்தான் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை சொல்லும். டீச்சருக்கு அதற்குள் ஓர் ஆள் கிடைத்திருந்தார். வண்ணார்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மீரா முகைதீன். டீச்சரின் அப்பாவுக்குக் கண்ணாடி கொடுக்க வந்தவர், இதே மாதிரி கேள்வி கேட்டு இதே மாதிரி மாட்டிக்கொண்டவர். அன்றைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி, சும்மா பாப்போம்" என்றார் டீச்சர். "ஒரு மலைப்பாத. பொழுது மசங்குத நேரம். எதுக்க ஒரு பாலம். பாலத்து நடுவுல ஒருத்தன் கோடாலியோட நிக்கான். நீங்க என்ன செய்யுதிய?"

கேட்டுவிட்டு டீச்சர் காத்திருந்தார்.

அம்மையப்பனும் காத்திருந்தார், யாராவது பேசிவிடுவார்கள் என்று. யாரும் பேசவில்லை. முகைதீனும் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. தான் சொன்னால்தான் மேற்கொண்டு அந்த உலகமே நகரும் என்பது அம்மையப்பனுக்கு மெல்லப் புரிந்தது. கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது.

"நான்... பைய கிட்டப் போயி, வழி விடச் சொல்லுதேன்."

பகடையை உருட்டினார். கோடாலிக்காரன் வழி விட்டான். அன்றைக்கு அம்மையப்பன் பாலிசியில் கையெழுத்து வாங்க மறந்து வீடு வந்து சேர்ந்தார்.

அப்படிப் பிறந்தவன்தான் வல்லான். வாள் வீரன். ஞாயிறுதோறும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மூவரும் அந்த மாடியில் கூடினார்கள். தெருவில் அதைச் சீட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டொருவர் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி வந்து கேட்டதும் உண்டு. முகைதீனின் ஆள் பூட்டுத் திறக்கிற திருடன், பெயர் சுண்டெலி. ஒவ்வொரு சாகசம் முடிந்ததும் ஆட்கள் ஒரு படி ஏறுவார்கள். படி ஏற ஏறப் பலம் கூடும்.

வல்லான் எட்டாவது படியில் நின்றபோது அம்மையப்பனுக்கு அவனை மந்திரமும் படிக்க வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது. புத்தகத்தைப் புரட்டினார்கள். இரண்டு தொழில் பழகுகிறவன் மேல்படிகளில் என்ன ஆவான் என்பதற்கு மூன்றாவதாக ஒரு புத்தகம் இருக்கிறது, அதைப் பார்க்கவும் என்று போட்டிருந்தது. தம்பி அதையும் அனுப்பினார். வந்து சேரவில்லை. சரி, நாமே ஒரு விதி செய்துகொள்வோம் என்று உட்கார்ந்து மூவரும் ஒரு தப்புச் செய்தார்கள். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

"டீச்சர், ரெவின்யூல இருந்து ஒருத்தன் டிரஷரிக்கு மாறி வாரான்னு வைங்க. அவன் பழைய சர்வீஸ் என்ன ஆத்துலயா போகும்? அது அப்படியேதான் இருக்கும். மேற்கொண்டு இங்கன பாக்கது தனி" என்றார் அம்மையப்பன். வேறு எங்கும் அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

டீச்சர் உடனே தலையாட்டிவிட்டார். பழைய பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த வருஷங்களைச் சர்வீஸில் சேர்ப்பதற்காக நடையாய் நடந்தவர் அவர். வேறு நியாயம் அவருக்குத் தோன்றவே இல்லை. முகைதீன் மட்டும் அரசாங்க உத்தியோகம் அறியாதவர். "ஒங்க வழக்கம் அப்படின்னா அப்படியே வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டார். ஆக, வல்லானின் வாள் படிகள் எட்டும் அப்படியே நின்றன. அதன் மேல் மந்திரப் படிகள் ஏறின. பிறகு வைத்தியமும் படித்தான், அந்தப் படிகளும் ஏறின. சீனியாரிட்டிப்படி சண்டையில் முதல் முறையும் அவனுக்கே.

விளைவு என்ன? தொண்ணூற்றாறில் வல்லான் மலையைப் பார்த்து முறைத்தால் மலை நகரும். பூட்டைக் கண்டதும் சுண்டெலி கம்பியை எடுப்பதற்குள் வல்லான் ஒரு மந்திரம் சொல்லிக் கதவைத் திறந்துவிடுவான். அந்த வருஷம் டீச்சர் பள்ளியிலிருந்து விஜயஸ்ரீ என்ற புது சயின்ஸ் டீச்சரும் சேர்ந்தாள். அவளுடைய ஆள் செண்பகம், முதல் படியில் நிற்கும் ஓடக்காரி, கையில் ஒரு கவண். மாதக்கணக்கில் வந்தும் விஜயஸ்ரீ ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை. அவள் முறை வருவதற்குள் சண்டை முடிந்துவிடும். அவள் வாயைத் திறப்பாள், வல்லான் ஏற்கெனவே எல்லாரையும் வீழ்த்தியிருப்பான், அவள் மூடிக்கொள்வாள். உலகத்தில் வேறு யார் அதைக் கவனிக்காவிட்டாலும் அம்மையப்பன் கவனித்திருக்க வேண்டும். அவர் கவனிக்கவில்லை. மனுஷனுக்கு நாற்காலி கிடைத்துவிட்டால் நிற்கிறவன் முகம் தெரிவதில்லை.

ஒரு ஞாயிறு முகைதீன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

"கடைக்குப் போன் போட்டேன் அண்ணாச்சி" என்றார் டீச்சர். "அண்ணாச்சி வெளையாடுதத வேடிக்க பாக்க அங்கன வாரதுக்குப் பதிலா, கடையில உக்காந்து ஈ ஓட்டிட்டுப் போறேன்னு சொல்லுதாரு. பாய் சொல்லுததுல தப்பு ஒண்ணும் தெரியல. தப்பு நம்ம போட்ட விதியில இருக்கு. நான் வேற விதி யோசிச்சிருக்கேன். இந்த ஒரு வாரம் வாங்கன்னு அவர்ட்ட கெஞ்சிக் கேட்டிருக்கேன். அதுவும் சரிப்படலைன்னா பெட்டியப் பரண்ல போட்டுருவோம்."

பெட்டி பரணுக்குப் போனால் வல்லான் பரணுக்குப் போவான். "நீங்க என்ன செய்யுதிய?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிற ஒரே இடமும் போய்விடும். அம்மையப்பனுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. டியூஷனில் வரவைப் பற்றிலும் பற்றை வரவிலும் எழுதிப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டார். உலகம்மாள் பொறுக்கமாட்டாமல், "வல்லானுக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்று புதன்கிழமையே கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் அம்மையப்பனுக்கு முன்னால் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. நிறையத் தண்ணீர். பக்கத்தில் மூன்று தம்ளர்கள். முகைதீனுக்கும் விஜயஸ்ரீக்கும் முன்னால் ஆளுக்கு ஒரு தம்ளர், அடியில் கொஞ்சம் தண்ணீரோடு.

"ரெண்டே விதி" என்றார் டீச்சர். "மொதல் விதி, பல தொழில் படிச்சவனுக்குக் கொளம் ஒண்ணு, மட பல. அண்ணாச்சி, அந்தச் செம்புதான் வல்லானோட கொளம். வாளுக்கு ஒரு தம்ளர், மந்திரத்துக்கு ஒண்ணு, வைத்தியத்துக்கு ஒண்ணு. எதுக்குத் தெறக்கியளோ அதுக்கு ஊத்துங்க. ஒண்ணுக்கு ஊத்தினது மத்ததுக்குக் கெடையாது."

"ரெண்டாவது?" என்றார் முகைதீன்.

"எங்க வயலு கால்வாய் முடியுத எடத்துல இருந்துச்சு. தண்ணி கொறஞ்ச வருசத்துல மேமடக்காரன் தெறந்துக்கிட்டா எங்களுக்குச் சேறுகூட வராது. அதனால ஊர்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைமடைக்கு மொதல் தண்ணி. அங்கன இருந்து மேல வரணும். இங்கனயும் இனி அப்படித்தான். படி கொறஞ்சவங்க மொதல்ல. வல்லான் கடைசி."

அம்மையப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "சர்வீஸ்ல இருக்கவனுக்குப் பாதகமா விதிய மாத்தக் கூடாது டீச்சர். புது விதி புது ஆளுகளுக்குத்தான் செல்லும்."

"வல்லான் என்ன பென்ஷனா வாங்கப் போறான்?" என்று டீச்சர் கேட்டார். முகைதீன் சிரித்துவிட்டார். அம்மையப்பன் சிரிக்கவில்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். போனால் எங்கே போவது என்று தெரியாததால் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் கதையைத் தொடங்கினார். ஒரு மலை இடுக்கு. நடுவில் ஆறு. இடுக்கை அடைத்துக்கொண்டு ஒரு கருநாகம்.

"தலை தெரியல. வாலு தெரியல. தெரியுததெல்லாம் ஒடம்புதான். அது நகருத சத்தம் எப்படி இருக்கு தெரியுமா? தொண்ணூத்திரண்டு வெள்ளத்தன்னைக்கு ஆத்துச் சத்தம் கேட்டியள்லா? அந்தச் சத்தம்."

முகைதீன் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அந்த வெள்ளத்தில் அவர் கடைக்குள் ஆறு புகுந்தது. கண்ணாடிச் சட்டங்களெல்லாம் சேற்றில் கிடந்ததை அம்மையப்பனும் பார்த்திருக்கிறார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஒரு கணக்கு டீச்சர் வெறும் வாயால் அந்த ஆற்றை மறுபடி இங்கே கொண்டுவந்துவிட்டார். அறையில் குளிர் பரவியது போல இருந்தது. ஐந்து வருஷமாகக் கேட்டும் இது எப்படி நடக்கிறது என்பது மட்டும் அம்மையப்பனுக்குப் பிடிபடவே இல்லை.

பகடை உருண்டது. நாகம் சுண்டெலியைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

"இந்தச் சுத்துல மொதல்ல செண்பகம். அடுத்து சுண்டெலி, ஆனா அவன் கையக் கால அசைக்க முடியாது. அதுக்கடுத்து நாகம். அது இறுக்கிச்சுன்னா சுண்டெலி முடிஞ்சான். அதுக்குப் பொறவு வல்லான்" என்றார் டீச்சர்.

அம்மையப்பன் செம்பைப் பார்த்தார். விளிம்பு வரை தண்ணீர் தளும்பியது. நாகத்தை மூன்று முறை கொல்லலாம், அவ்வளவு பலம் அதில் இருந்தது. ஆனால் தன் முறை வரும்போது முகைதீனின் ஆள் செத்துக் கிடப்பான். முகைதீன் எழுந்து வண்ணார்பேட்டைக்கு பஸ் ஏறிவிடுவார். பெட்டி பரணுக்குப் போய்விடும். செம்பு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"விஜி, செண்பகம் என்ன செய்யுதா?" என்று டீச்சர் கேட்டார்.

எல்லாரும் விஜயஸ்ரீயைப் பார்த்தார்கள். அவள் தம்ளரைப் பார்த்தாள். அடியில் ஒரு வாய்த் தண்ணீர். "கவண்ல..." என்று வாயைத் திறந்தாள். யாராவது குறுக்கே பேசுவார்கள் என்பது போலச் சுற்றிலும் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அம்மையப்பன் அந்த வாயைப் பார்த்தார். அது அவருடைய வாய். ஆபீஸில், பஸ்ஸில், கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் திறந்து மூடுகிற அதே வாய். இத்தனை மாதமாக அதை மூடவைத்தது தானேதான் என்பதும் அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"டீச்சர், ஒரு சந்தேகம்" என்றார். "ஒருத்தன் தன் வயலுக்கு வர வேண்டிய தண்ணிய அடுத்த வயலுக்குத் தெறந்து விடலாமா?"

புத்தகத்தில் அதற்கு விடை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தார்.

"விடுவாங்க. எங்க ஊர்ல விட்டிருக்காங்க. ஆனா அண்ணாச்சி, விட்ட தண்ணி திரும்பி வராது. அந்தச் செம்புல இருக்கது வல்லானோட அஞ்சு வருசம். ஊத்தினா ஊத்தினதுதான். படியெல்லாம் போயிரும். நல்லா யோசிச்சுக்கோங்க."

"வேண்டாம் வே" என்றார் முகைதீன். "சுண்டெலி செத்தாச் சாவட்டும். நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அம்மையப்பன் செம்பைத் தூக்கினார். விஜயஸ்ரீயின் தம்ளரில் ஊற்ற ஆரம்பித்தார். தம்ளர் நிறைந்தது. அவர் நிறுத்தவில்லை. தண்ணீர் வழிந்து மேஜையில் ஓடியது. வல்லானின் தாள் அவருக்கு முன்னால்தான் இருந்தது, ஐந்து வருஷமாக மைப்பேனாவால் ஒவ்வொரு படியாக அவர் எழுதிச் சேர்த்த தாள். தண்ணீர் அதன் மேல் ஏறியது. எழுத்துகள் நீலமாகக் கரைந்து மேஜை ஓரத்துக்கு ஓடின. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. செம்பு காலியாகும்வரை ஊற்றிவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"இப்ப சொல்லு தாயி" என்றார் விஜயஸ்ரீயிடம். "நாங்க கேக்கோம்."

விஜயஸ்ரீ நிமிர்ந்து உட்கார்ந்தாள். "செண்பகம் ஓடத்துல எந்திச்சு நிக்கா" என்றாள். அந்த மாடியில் அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது. "ஆத்துக்குள்ள கைய விட்டு ஒரு கூழாங்கல் எடுக்கா. கவண்ல வைக்கா. நாகத்தோட தலை எங்கன இருக்குன்னு அவளுக்குத் தெரியல. ஆனா சுண்டெலி மூச்சு முட்டுதது கேக்கு. அந்தச் சத்தத்துக்கு மேல குறி வச்சு விடுதா."

டீச்சர் பகடையைத் தொடவில்லை. "இதுக்குக் கட்டை வேண்டாம்" என்றார்.

கல் கவணை விட்டுக் கிளம்பியபோது அதற்குள் ஒரு வாளின் கூர்மை இருந்தது என்று அவர் சொன்னார். ஒரு மந்திரத்தின் நெருப்பு இருந்தது. வைத்தியன் கையின் நிதானம் இருந்தது. மலை இடுக்கு முழுவதும் ஒரு கணம் வெளிச்சமானது. கருநாகம் தன் மேலேயே சரிந்து விழுந்தது. சுண்டெலி தண்ணீரில் விழுந்து, நீந்தி, கரையேறி இருமினான்.

முகைதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைக்க வேண்டாத கண்ணாடியைத் துடைத்தார். விஜயஸ்ரீ இரண்டு கைகளாலும் தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே இருந்தது ஒரு ஈர மேஜையும் சில தம்ளர்களும்தான். ஆனாலும் அங்கே பெரிய ஒன்று நடந்து முடிந்திருந்தது. கோயிலில் திரை விலகும்போது சனங்கள் அமைதியாகிற மாதிரி எல்லாரும் அமைதியாக இருந்தார்கள்.

"வல்லான் எங்க டீச்சர்?" என்று முகைதீன்தான் கடைசியில் கேட்டார்.

"கரையில ஒருத்தன் உக்காந்திருக்கான். மடியில ஒரு வாள் கெடக்கு. அதத் தூக்க அவனால முடியல. ஏதோ மந்திரம் தெரிஞ்சிருந்த ஞாபகம். ஒரு சொல்லும் வரல. வெறும் ஆளு."

அம்மையப்பன் மெல்ல நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முகைதீன் இனி வருவார், பெட்டி பரணுக்குப் போகாது, அது போதும். இனித் தனக்கு இங்கே வேலை இல்லை. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் புதிதும் அல்ல.

"கதை முடியல அண்ணாச்சி" என்றார் டீச்சர். "நாகத்தோட ஒடம்பு ஆத்த மறிச்சுக் கெடக்கு. பின்னால தண்ணி ஏறுது. கீழ ஊரு இருக்கு. அடுத்த சுத்து."

முறைப்படி யார் முதலில் என்று டீச்சர் மேஜையைச் சுற்றிப் பார்த்தார். செண்பகம் இப்போது மேல்படியில் எங்கேயோ நின்றாள். சுண்டெலி அவன் படியில் இருந்தான். டீச்சரின் கண் நீலம் கரைந்த ஈரத் தாளுக்கு வந்து, அங்கிருந்து அம்மையப்பனுக்கு வந்து, அங்கேயே நின்றது.

"கடைமட இப்ப நீங்கதான் அண்ணாச்சி" என்றார். "வல்லான் என்ன செய்யுதான்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். முகைதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் வாயைப் பார்த்தார். விஜயஸ்ரீயும் பார்த்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மையப்பன் தள்ளிய நாற்காலியை மறுபடி மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வல்லான்" என்றார், "பைய எந்திக்கான் டீச்சர்."